வகுப்பறை மூடிய பிறகும் நடக்கும் பாடம்

(சிங்கப்பூர், சிராங்கூனில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உயர்கல்வியில் தொலைவழிக் கற்பித்தலையும் கலப்புமுறைக் கற்பித்தலையும் உறுதியாக அமைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கொவிட் காலம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த மாதங்களை மறக்கவே எல்லாரும் விரும்புகிறோம். மறப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அடுத்த முறை கதவு மூடும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். அந்தக் குழப்பத்தில் படிப்பை விட்டுப்போகிறவர்கள் வசதி குறைந்த மாணவர்களாகவே இருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாடத்தை வடிவமைக்கும் ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவேண்டும். அறை இல்லாமற்போனால் இந்தப் பாடம் நடக்குமா? இணையம் இல்லாமற்போனால் நடக்குமா? நானே இல்லாமற்போனால் நடக்குமா? இவற்றில் எது போனாலும் மாணவர் படித்து முடிக்க வழி இருக்கவேண்டும். அந்த வழியை, வகுப்பிலேயே மிகக் குறைந்த வசதியோடு படிக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கவேண்டும். நல்ல கணினியும் தனி அறையும் உள்ளவரை வைத்து அமைத்த பாடம், நெருக்கடி வந்த முதல் வாரத்திலேயே பாதி வகுப்பை இழந்துவிடும்.

சிங்கப்பூருக்கு இந்த அனுபவம் 2020இல் புதிதாக வரவில்லை. 2003 மார்ச் 27 அன்று, சார்ஸ் நோய் காரணமாகத் தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக்கல்லூரி வரை மூடப்பட்டன. 238 பேருக்குத் தொற்றிய அந்த நோய் 33 உயிர்களைக் கொண்டுபோனது. 2015 செப்டம்பர் 25 அன்று, புகைமூட்டம் காரணமாகத் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் ஒரு நாள் மூடப்பட்டன. பக்கத்து நாட்டில் காடு எரிந்தால் இங்கே வகுப்பு நிற்கும் என்பதை அன்றே பார்த்தோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1998 முதலே ஓர் இணையக் கற்றல் தளம் இருந்தது. சார்ஸுக்குப் பிந்திய ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் 'மின்கற்றல் வாரம்' என்று ஒன்றை வைத்து, விரிவுரை மண்டபங்களைக் காலியாக விட்டுப் பாடத்தை இணையத்தில் நடத்திப் பழகின.

அந்த ஒத்திகை பயன்பட்டது என்பதை மறுக்க முடியாது. 2020 ஜனவரி 23 அன்று இங்கே முதல் கொவிட் நோயாளி உறுதிசெய்யப்பட்டார். பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. பிப்ரவரி 10, திங்கட்கிழமை, தேசியப் பல்கலைக்கழகம் 50 பேருக்கு மேற்பட்ட வகுப்புகளை இணையத்துக்கு மாற்றிவிட்டது. நடுவில் இருந்தது ஒரு வாரஇறுதி மட்டுமே. தளமும் பழக்கமும் முன்பே இல்லாத எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் ஒத்திகை வாரம் ஒரு வாரத்துக்கு மட்டுமே ஆனது. பிழை நேர்ந்தால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். ஏப்ரல் 7 அன்று நோய்த்தொற்று முறியடிப்புத் திட்டம் என்ற பொது முடக்கம் தொடங்கி ஜூன் 1 வரை நீண்டபோது, ஒத்திகையில் வராத கேள்விகள் வந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரே மேசையில் அண்ணன் பல்கலைக்கழக வகுப்பிலும் தங்கை பள்ளி வகுப்பிலும் அப்பா அலுவலகக் கூட்டத்திலும் இருந்தால் யார் பேசுவது? ஆய்வுக்கூடப் பாடத்தை எப்படி நடத்துவது? தேர்வை எப்படி வைப்பது? வகுப்பில் வாயே திறக்காத மாணவர் திரையில் கறுப்புக் கட்டமாகிவிட்டால், அவர் இருக்கிறாரா இல்லையா என்று எப்படி அறிவது?

பள்ளிகளில் முழுநேர வீட்டுக் கற்றல் தொடங்கிய ஏப்ரல் 8 அன்றே, ஒரு ஸூம் வகுப்புக்குள் அந்நியர்கள் நுழைந்து மாணவிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்கள். மறுநாள் கல்வி அமைச்சு ஸூம் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. பாதுகாப்பைக் கூட்டிய பிறகு மீண்டும் அனுமதித்தது. அந்த இடைவெளியில் பாடத்தாளும் மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றிவைத்த பயிற்சிகளும் இருந்த வகுப்புகள் நடந்தன. நேரலையை மட்டும் நம்பிய வகுப்புகள் நின்றன. இதைக் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. உலகில் எங்குமே அன்று எவருக்கும் தெளிவு இருக்கவில்லை.

2020 மார்ச் இறுதியில் 'எஜுகாஸ் ரிவ்யூ' என்னும் அமெரிக்க இதழில் சார்ல்ஸ் ஹாட்ஜஸும் உடன் ஆசிரியர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாம் அவசரத்தில் செய்வதற்கு 'அவசரகாலத் தொலைவழிக் கற்பித்தல்' என்று தனிப்பெயர் வைக்கவேண்டும், அதைத் திட்டமிட்டு அமைக்கும் இணையக் கல்வியோடு குழப்பக்கூடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது. இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே கேமரா முன் நின்று பேசிவிட்டு, "இணையக் கல்வியால் பயனில்லை" என்று முடிவுகட்டிய ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்தேன். அவர்கள் சோதித்துப் பார்த்தது இணையக் கல்வியையே அல்ல.

திட்டமிட்ட தொலைவழிக் கல்வி நமக்குப் பழையது. 1858இலிருந்தே லண்டன் பல்கலைக்கழகம் வெளிநிலைப் பட்டம் வழங்கிவந்தது. 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்தப் பட்டங்களுக்கே மாணவர்களைத் தயார்செய்தது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அஞ்சல்காரர் கொண்டுவந்த பாடக்கட்டைப் பிரித்துப் படித்துப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர்களும் கூட்டுறவு வங்கி எழுத்தர்களும் ஏராளம். குடும்பத்தில் முதல் பட்டதாரிப் பெண்ணாக அப்படி வந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அந்த முறையின் குறைகள் எல்லாருக்கும் தெரியும். பாடக்கட்டு தாமதமாக வரும். எழுதி அனுப்பிய விடைத்தாளுக்கு ஒரு வரி பதில் வராது. தொடர்பு வகுப்பில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அதில் ஒரு வலிமை இருந்தது: மின்சாரம் இல்லாத இரவிலும் பாடம் கையில் இருந்தது.

சிங்கப்பூரில் இதைச் சீராகச் செய்தது திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத் திட்டம். 1992இல் அரசாங்கம் அந்தப் பொறுப்பை சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்திடம் கொடுத்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தப்பட்ட அந்தத் திட்டத்தில் 1994இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதுவே 2005இல் சிம் பல்கலைக்கழகமாகவும் 2017இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அங்கே தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பு உண்டு. பகலில் வேலை பார்த்து, குழந்தையைப் பார்த்து, மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள் அதில் படிக்கிறார்கள். பாடவழிகாட்டியை வீட்டில் படித்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிப்பது அந்த மரபு. இன்று கலப்புமுறை என்று பெரிதாகப் பேசப்படுவதை மாலை நேர மாணவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அவர்களிடமிருந்து முழுநேரப் பல்கலைக்கழகங்கள் கற்கவேண்டியது அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015இல் 'தி ஹைவ்' என்ற கட்டடம் திறக்கப்பட்டதை நினைவூட்டுகிறேன். வழக்கமான பெரிய விரிவுரை மண்டபத்துக்குப் பதிலாக, குழுவாக அமர்ந்து பேசும் 56 வகுப்பறைகளை அங்கே கட்டினார்கள். விரிவுரையை முன்கூட்டியே கேட்டுவிட்டு வா, அறைக்குள் வந்தால் கேள்வி கேள், வாதிடு, ஒருவருக்கொருவர் விளக்கு என்பதே அதன் கருத்து. தமிழ் வகுப்புக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு சங்கப் பாட்டின் திணை, துறை, சொற்பொருள் ஆகியவற்றை மாணவர் பேருந்தில் படித்துக்கொள்ளலாம். தலைவி ஏன் இதைத் தோழியிடம் சொன்னாள் என்று வாதிடுவதற்கு மனிதர்கள் எதிரெதிரே உட்காரவேண்டும். நேரில் கூடும் நேரம் விலை உயர்ந்தது. பலகையில் எழுதி மாணவர் படியெடுப்பதில் அதைச் செலவிடக்கூடாது.

இப்போது சிராங்கூனுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை லெம்பு சாலைத் திடலில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பார்க்கிறோம். நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஊர்ப்பேச்சு கேட்கும். அவர்களில் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் உண்டு, பொறியியல் படித்தவர்கள் உண்டு. வேலையிடப் பாதுகாப்புப் படிப்பு, பகுதிநேரப் பட்டயம், ஊரில் பாதியில் விட்ட பட்டத்தின் மிச்சத் தாள்கள் என்று ஏதாவது ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய கணினி, நூலகம், எழுதுமேசை மூன்றும் கைப்பேசிதான். இணையம் என்பது டாப்-அப் செய்த தொகை தீரும்வரை.

2020இல் தங்குவிடுதிகளில் வாழ்ந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு டிசம்பருக்குள் அவர்களில் 1.5 லட்சம் பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டது பரிசோதனைகளில் தெரியவந்தது. மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தார்கள். விடுதிகளுக்கு இலவச வைஃபையும் சிம் அட்டைகளும் கொடுக்கப்பட்டன. பத்துப் பேருக்கு மேல் தங்கும் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி ஒருவர் பாடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் "கேமராவைப் போடுங்கள், அப்போதுதான் வருகைப்பதிவு" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கேமராவைக் கட்டாயமாக்கும் விதியை நான் எதிர்க்கிறேன். மாணவர் வந்திருக்கிறாரா என்பதை அவர் எழுதி அனுப்பும் இரண்டு வரிப் பதிலிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சுவரையும் கட்டிலையும் பின்னால் தூங்கும் தாயையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை.

ஆகவேதான் பாடத்தின் அடித்தளம் எழுத்தாக இருக்கவேண்டும் என்கிறேன். ஒரு மணி நேரக் காணொளி பல நூறு மெகாபைட் தின்னும். அதே பாடத்தின் எழுத்துக் குறிப்பு, ஒரு சிறிய படத்தைவிடக் குறைவான அளவில் வந்துவிடும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் எம்ஆர்டி ரயில் சுரங்கத்திலும் திறக்கும், அச்சிட்டால் மின்சாரமே வேண்டாம். குரல்பதிவு அதற்கு அடுத்தது. நேரலைக் காணொளி கடைசி. நம் நிறுவனங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

தமிழில் எழுத்தை அடித்தளமாக்கும்போது நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் ஆசிரியர்கள் இருபது முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த குறிப்புகளில் பெரும்பகுதி பழைய எழுத்துருக்களில் இருக்கிறது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அதே எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்தால் தமிழ் தெரியும். மாணவரின் கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரும். தேடினால் ஒரு சொல் அகப்படாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் உளறும். ஆசிரியர் ஓய்வுபெற்று அவருடைய கணினியும் பழுதாகிவிட்டால் ஒரு வாழ்நாளின் பாடக்குறிப்பு அத்தோடு போயிற்று. யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை முறைப்படி ஏற்றது. அப்படியிருந்தும் மாற்றாமல் கிடக்கும் கோப்புகள் எத்தனை என்று ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் அலமாரியைத் திறந்து பார்க்கவேண்டும்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசும்போது நா. கோவிந்தசாமியின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர், சிறுகதை எழுத்தாளர், தமிழுக்குக் 'கணியன்' என்ற கணினி முறையை உருவாக்கியவர். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் மற்ற மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயோடு சேர்ந்து அதற்குப் பாடுபட்டவர் அவர். 1997 மே மாதம் இங்கே 'தமிழ்நெட் 97' மாநாடு கூடியது. தமிழ் எழுத்துகளுக்குப் பொதுத்தரம் வேண்டும் என்ற பேச்சு அதில் வலுப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' நடந்தது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அமைப்பதாக முதலமைச்சர் கருணாநிதி அறிவித்தது அந்த மாநாட்டில்தான். அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2001 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்ற வா.செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தொலைவழிக் கல்வியை அறிந்த ஒருவரும் கணித்தமிழை அறிந்த ஒருவரும் நமக்குக் கிடைத்திருந்தார்கள். அவர்கள் போட்ட பாதையில் நாம் போதுமான தூரம் நடக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

எழுத்து இருந்தாலும் அது ஒரே இடத்தில் இருந்தால் போதாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை. அந்தக் காயத்தைத் தாங்கிய சமூகத்திலிருந்துதான் 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டம் பிறந்தது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கியிருந்தார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். சிங்கப்பூரில், நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், அருண் மகிழ்நன் முன்னின்ற சமூகக் குழுவும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து ஐம்பது ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கின. 2020 ஏப்ரலில் நூலகங்கள் மூடி ஜூலை வரை திறக்காதபோது, தமிழ் இலக்கிய மாணவர்கள் கட்டுரை எழுத முடிந்ததற்கு இந்த முயற்சிகளே காரணம். நானறிந்த எந்தப் பல்கலைக்கழகத்தின் அவசரகாலத் திட்டத்திலும் இவை இருக்கவில்லை. தமிழன்பர்கள் தங்கள் இரவுகளைச் செலவிட்டுச் செய்துவைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் ஒப்படைப்பதும் ஒரே இடத்தில் வைப்பதற்குச் சமம். 2024 ஆகஸ்டில் 'மொபைல் கார்டியன்' என்ற கருவி மேலாண்மைச் செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்து குறிப்புகள் அழிந்தன. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். நல்ல கட்டமைப்பும் நல்ல எண்ணமும் உள்ள நாட்டில் இது நடந்தது. மாணவர்கள் தங்கள் குறிப்பை இரண்டாவது ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளப் பழக்குவதும் பாடத்தின் பகுதி என்று அன்று உணர்ந்தோம்.

கருவியும் இணையமும் கொடுப்பது அரசின் கடமை. அதில் இங்கே குறையொன்றும் பெரிதாக இல்லை; வீட்டுக் கற்றல் காலத்தில் பள்ளிகள் ஏறத்தாழ 20,000 கணினிக் கருவிகளை மாணவர்களுக்கு இரவல் கொடுத்தன. தமிழ்நாட்டில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அறிவிக்கப்பட்டது. இலங்கை செய்தது இன்னும் நுட்பமானது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பேசி, அந்த வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குச் செல்லும்போது மாணவருக்குத் தரவுக் கட்டணம் இல்லாமல் செய்தார்கள். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்த மாணவர் அட்டை வாங்கக் காசில்லாமலும் வகுப்புக்குள் நுழைய முடிந்தது. பணக்கார நாடுகளும் கவனிக்கவேண்டிய ஏற்பாடு அது. நம் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கு, அவர்கள் சேர்ந்திருக்கும் படிப்புகளின் தளங்களை மட்டுமாவது இப்படித் திறந்துவிட முடியுமா என்று இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்கவேண்டும்.

தேர்வைப் பற்றிச் சிறிது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றில் முழு மதிப்பெண்ணையும் வைக்கும் பாடம் எளிதில் உடையும். 2020இல் தமிழ்நாட்டில் நிலுவைத் தாள்களை எழுதாமலே தேர்ச்சி என்று அரசு அறிவிக்க, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். அந்த மாணவர்களின் பருவ உழைப்புக்குப் போதிய சான்று வேறு எதுவும் கையில் இல்லாதது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பருவம் முழுவதும் சிறு சிறு எழுத்துப் பணிகள் இருந்தால் கடைசித் தேர்வு தடைப்பட்டாலும் மதிப்பிட ஏதோ இருக்கும். அதே நேரம், 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதிவரும் கட்டுரையை மட்டும் நம்ப முடியாது. சென்னை ஐஐடி 2020 ஜூனில் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு ஒரு வழியைக் காட்டுகிறது: பாடம் முழுவதும் இணையத்தில், தேர்வு மட்டும் பல ஊர்களில் உள்ள மையங்களில் நேரில். நம் தமிழ் வகுப்புகள் சிறியவை என்பதால் நமக்கு இன்னோர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு மாணவரோடும் பதினைந்து நிமிடம், தொலைபேசியிலாவது, அவர் எழுதியதைப் பற்றிப் பேசுவது. இருபது பேருக்கு ஐந்து மணி நேரம். நூலை எழுதியவரே அவையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அரங்கேற்ற மரபு நம்முடையது. வாய்மொழித் தேர்வு நமக்கு அந்நியமாக இருக்கத் தேவையில்லை.

அந்த ஐந்து மணி நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பார்கள் என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். தொலைவழிப் பாடம் அமைப்பது நேரடிப் பாடத்தைவிடக் கூடுதல் உழைப்பு. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர்களிடம் குறிப்பு எழுது, பதிவு செய், இரவில் வாட்ஸ்அப்பில் பதில் சொல் என்று சுமத்திவிட்டு வகுப்பு நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால், அவர்கள் சோர்ந்து விலகுவார்கள். ஆசிரியர் விலகினால் நான் முதலில் கேட்ட மூன்றாவது கேள்வி உண்மையாகிவிடும்.

தமிழுக்கு அந்தக் கேள்விதான் மிகக் கூர்மையானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு, பத்தாண்டுக்கு முன் 3.3 விழுக்காடு. உயர்கல்வியில் தமிழ் எடுப்போர் அதிலும் சிலர். ஒரு பாடத்தை ஒரே ஆசிரியர் பல ஆண்டுகளாக நடத்துகிறார் என்றால், அவர் நோயுற்றாலோ ஓய்வுபெற்றாலோ பாடமே நின்றுவிடக்கூடும். கத்ரீனா சூறாவளி 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது, அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்து, இடம்பெயர்ந்த மாணவர்களுக்குக் கட்டணமின்றி இணையப் பாடங்கள் நடத்தின. ஒரு கல்லூரி தனியாக நிற்கமுடியாதபோது மற்றவை தோள்கொடுத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், இங்குள்ள துறைகள் இவையெல்லாம் ஒரு பாடத்தையாவது சேர்ந்து நடத்தலாமே. சிங்கப்பூரில் மாலை 7 மணி என்றால் கோலாலம்பூரில் அதே 7 மணி. யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் மாலை 4.30. நேரம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. மதிப்புப்புள்ளிகளை ஒருவருக்கொருவர் ஏற்பதுதான் தடை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்னும் இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று 2021இல் விதி செய்துவிட்டது. ஆகவே அந்தத் தடை நீக்க முடியாதது அல்ல.

முதல் பாடமாகச் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். நூல்கள் மின்வடிவில் இருக்கின்றன. 1887இல் இங்கே வெளிவந்த 'சிங்கை நேச'னிலிருந்து 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' வரை பழைய செய்தித்தாள்கள் தேசிய நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மாணவர் எந்த ஊரில் இருந்தாலும் மின்வடிவில் உள்ள மூலத்தைப் படிக்கலாம். வாரந்தோறும் எழுத்துக் குறிப்பும் குரல்பதிவும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரலை விவாதம். பருவத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் அந்தந்த ஊரில் நேர்ச் சந்திப்பு. இங்கே அந்தச் சந்திப்பைக் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தின் அருகிலோ, பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் அருகிலோ ஓர் அறையில் வைத்துக்கொண்டால், வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் விடுதியிலிருந்து வருகிறவர்களுக்கும் எளிது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேரூன்றவேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார் சாரங்கபாணி. கப்பல்துறையிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் சிறு சிறு தொகையாகக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர்கள் பல்கலைக்கழகத்துக்கு நூல் வாங்கித் தந்தார்கள். அந்தக் கொடைக்கு இன்று நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அவர்களைப் போல உழைக்கும் ஒருவர் கைப்பேசியிலேனும் தமிழ் உயர்கல்வியை எட்டும்படி செய்வது.

அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த ஈராண்டுகளுக்கு இந்தச் சொற்பொழிவுக்கான செலவில் ஒரு பகுதியை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் பாடக்குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றவும், அவற்றைச் செப்பம் செய்கிறவர்களுக்கு மதிப்பூதியம் வழங்கவும் ஒதுக்குங்கள். எழுத்துருவை மாற்றும் மென்பொருள்கள் உண்டு. மாற்றிய பிறகு வரிவரியாகப் பிழைபார்க்கத் தமிழ் அறிந்த கண்கள் வேண்டும். அது மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்களும், வாரத்தில் ஒரு மாலை பிழைபார்க்க முன்வருபவர்களும், இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள ஏட்டில் தங்கள் பெயரை எழுதிச் செல்லக் கேட்டுக்கொள்கிறேன்.